முதலில் கூரை, பிறகு வயரிங், அதன் பிறகே விசிறி

பள்ளிப்பட்டு வட்டத்தில், ஆந்திர எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு சிற்றூரில், காலனித் தெருவின் தொகுப்பு வீடு ஒன்றில் வாசற்காலுக்குப் பக்கத்துச் சுவரில் கருகிய தடம் ஒன்று இன்னும் இருக்கிறது. ஸ்விட்ச் போர்டு எரிந்த இடம் அது. அந்த வீட்டுக்கு ஓர் அறக்கட்டளை ஆடி மாதத்தில் செலவில்லாமல் புது வயரிங் செய்து கொடுத்தது. பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்புகளையும் மாட்டியது. ஐப்பசியில் அடைமழை பிடித்ததும், கூரைக் கான்கிரீட்டில் நாள் கணக்கில் ஊறிய நீர் வயர் போகும் குழாய்க்குள் இறங்கி, அதன் வழியாகவே போர்டுக்கு வந்து சேர்ந்தது. பகல் நேரமாக இருந்ததால் புகையைப் பார்த்ததும் மெயினை அணைத்தார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் புது வயரிங் முழுவதும் வீணாகிப் போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு வழியில் கூரை ஒட்டுவதற்குப் பணம் கிடைத்தபோது, மேஸ்திரி மிச்சமிருந்த குழாய்களையும் உடைத்துத்தான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

இரண்டு உதவிகளும் நல்ல மனத்தோடு வந்தவை, இரண்டுக்கும் பணம் செலவாயிற்று. வந்த வரிசை மட்டுமே தவறு. அந்த வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

நான் ஊராட்சி ஒன்றியத்தில் பணி மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் இன்னமும் ஓவர்சியர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பணியில் இருந்த காலமெல்லாம் அரசு வீடுகளை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்தேன்: அடித்தளம் முடிந்தால் ஒரு தவணை, கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, கூரை போட்டால் ஒரு தவணை, வேலை நிறைவடைந்தால் கடைசித் தவணை. கடைசித் தவணை போன பிறகு அந்த வீட்டுக்குள் மறுபடியும் நுழைய வேண்டிய அலுவல் எனக்கு இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நான் அளந்த வீடுகளில் சிலவற்றுக்குள் மனிதர்களைப் பார்க்கப் போனபோதுதான், அளவுப் புத்தகத்தில் இடம் பெறாதவை எவ்வளவு என்று தெரிந்தது.

முதன்மையானது கூரையின் மேற்பரப்பு. வசதியுள்ளவர்கள் வீடு கட்டும்போது கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு படுகை போட்டு, நீர் ஓடச் சரிவு கொடுத்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். அந்தப் படுகைதான் மழையையும் வெயிலையும் தடுக்கிறது. நான் அளந்த தொகுப்பு வீடுகள் பலவற்றில் அது கிடையாது. தளம் வெறும் கான்கிரீட்டாகவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். மழைநீர் நடுவில் குளம்போலத் தேங்கும். அடியிலோ, கம்பிக்கும் தளத்தின் கீழ்ப்பரப்புக்கும் இடையே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பிக்கு அடியில் அதற்கான கட்டைகளை வைக்காமல் கான்கிரீட் போட்ட இடங்களில் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடந்து, அரை விரற்கடை மறைவுகூட இல்லாமல் போய்விட்டது.

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. மூடியிருக்கும் கனம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு சீக்கிரம் அது கம்பியை எட்டிவிடுகிறது. மேலிருந்து ஊறும் நீரும் சேர்ந்துகொண்டால் கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. துருவானது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்பதால், அது உள்ளிருந்தே கான்கிரீட்டை நெம்புகிறது. முதலில் கம்பி ஓடும் கோட்டிலேயே மயிரிழை போன்ற விரிசல் தெரியும். பிறகு அந்த இடம் உப்பும், கட்டையால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோன்ற ஓசை வரும். அதற்கும் பிறகு, ஒரு நாள் இரவில், படுத்திருப்பவர் மேல் காரை பெயர்ந்து விழும். "மேலேர்ந்து கல்லு விழுது சார், பேரப்புள்ளய எங்க படுக்க வெக்கறதுன்னே தெரில" என்று ஒரு பாட்டி சொன்னபோது, அந்த வீட்டின் கூரைத் தவணைக்கு நான் கையெழுத்திட்ட நாள் என் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு என்னை விட்டுப் போகவில்லை.

இதைச் சரிசெய்வதற்கும் முறை உண்டு. பெயர்ந்த பகுதியைச் சுற்றி நல்ல கான்கிரீட் வரும்வரை கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித்தூரிகையால் துரு நீங்கத் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு அடித்து, பழையதும் புதியதும் ஒட்டுவதற்கான கலவையைப் பூசி, பாலிமர் சேர்த்த சாந்தைப் பல அடுக்குகளாக ஏற்ற வேண்டும். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் நடப்பது வேறு: பெயர்ந்த இடத்தில் வெறும் சிமென்ட் சாந்தை அப்பி, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறார்கள். துரு உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கிறது. அடுத்த கோடைக்குள் அந்த ஒட்டு முன்னிலும் பெரிய துண்டாக விழும். மேலே நீர் தேங்குவதை நிறுத்தாமல் அடியில் மட்டும் ஒட்டுவதும் இதே கதைதான்.

உதவிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊரக வீடுகளைப் பழுதுபார்ப்பதற்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. 2000-01-ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 லட்சம் வீடுகளுக்கு 2,000 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். புதிதாகக் கட்டுவதையே சாதனையாக எண்ணும் வழக்கத்துக்கு நடுவே, பழுதுபார்ப்பதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கியது பெரிய மாற்றம் என்றே கருதுகிறேன். ஆனால் அந்த ஆண்டு வரம்புக்கு அப்பால் நிற்கும் வீடுகளும் இருக்கின்றன. 2011-12-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில், 300 சதுர அடியில், சூரிய மின்சக்தியில் எரியும் 5 விளக்குகளோடு வீடுகள் கட்டித் தரப்பட்டன. ஏழை வீட்டின் கூரையையும் அதன் மின்சாரத்தையும் ஒரே திட்டத்துக்குள் சேர்த்து யோசித்தது அந்தக் காலத்தில் அரிய சிந்தனை. நான் போய்ப் பார்த்த பசுமை வீடுகளில் சூரியத் தகடு கூரைமேல் அப்படியே இருக்கிறது, பேட்டரிதான் எப்போதோ செத்துப் போய்விட்டது. அந்த மாதிரி பேட்டரிகளுக்குச் சில ஆண்டுகளே ஆயுள்; அதை யார் மாற்றித் தருவது என்று யாரும் முடிவு செய்து வைக்கவில்லை. தகட்டைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்காகத் தளத்தில் போட்ட துளைகளைச் சுற்றி நீர்க்கசிவு தொடங்கிய வீடு ஒன்றையும் பார்த்தேன்.

வரிசை தவறும் இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஏழை வீடுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பதற்காக, 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1976-இல் வெதரைசேஷன் உதவித் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். குளிர் நாட்டு வீடு என்பதால் அங்கே வேலை வேறு: இடுக்குகளை அடைப்பது, பரணிலும் சுவரிலும் வெப்பத்தடுப்புப் பொருளை நிரப்புவது, வெந்நீர் உலையைச் சரிசெய்வது. ஆனால் வேலைக்கு வந்தவர்கள் பல வீடுகளின் வாசலோடு திரும்பிப் போக நேர்ந்தது. கூரை ஒழுகும் வீட்டில் வெப்பத்தடுப்பை நிரப்பினால் அது நனைந்து பூஞ்சை பிடிக்கும். பழைய வயரிங்மேல் நிரப்பினால் தீப்பிடிக்கலாம். கூரையைச் சரிசெய்யவோ அந்தத் திட்டத்தில் போதிய பணம் இல்லை. ஆகவே மிக மோசமான வீட்டில் இருப்பவருக்கே உதவி கிட்டாமல் போயிற்று. அந்தத் திட்டத்துக்கு வீடுகளைத் தயார்ப்படுத்துவதற்கென்றே 2022-இல் தனி நிதி ஒதுக்கினார்கள். அதே ஆண்டில் பென்சில்வேனியா மாநிலம் வீட்டுப் பழுதையும் எரிசக்திச் சிக்கனத்தையும் ஒரே கையால் கவனிக்க 12.5 கோடி டாலரில் ஒரு திட்டத்தைச் சட்டமாக்கியது. அதில் பழுதுபார்க்கும் பணத்தோடு, பல திட்டங்களையும் ஒருங்கிணைத்துக் குடும்பத்துக்கு வழிகாட்டும் ஆட்களுக்கான சம்பளத்துக்கும் இடம் வைத்தார்கள். இதைப் படித்தபோது எனக்குக் காலனித் தெருவின் அந்தக் கருகிய சுவர்தான் கண்முன் வந்தது.

நாங்கள் செய்வது அதைவிட மிகச் சிறியது. நான், ஒரு மேஸ்திரி, ஒரு வயர்மேன், மகளிர் சுய உதவிக் குழுவில் கணக்கு எழுதும் ஒரு தங்கை ஆகிய நால்வரும் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகவே ஒரு வீட்டுக்குப் போகிறோம். தனித்தனியாகப் போவதில்லை என்பதே எங்களுக்குள் இருக்கும் ஒரே கண்டிப்பு. மேஸ்திரி கூரையைத் தட்டிப் பார்க்கும்போதே வயர்மேன் பக்கத்தில் நின்றால், எந்தக் குழாயை உடைக்க வேண்டியிருக்கும், எந்த வயரைச் சுவரோரமாகத் திருப்பிவிடலாம் என்பது அங்கேயே முடிவாகிவிடும். "மேஸ்திரி முடிச்சு, தளம் காஞ்ச அப்புறம் என்னைக் கூப்புடுங்கண்ணே, அதுக்கு முன்னாடி நான் ஒரு ஆணி அடிக்க மாட்டேன்" என்று எங்கள் வயர்மேன் முதல் நாளிலேயே சொன்னார். அவர் சொல்லை நாங்கள் மீறியதே இல்லை.

தங்கையிடம் ஒரு நோட்டு இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் வீட்டின் நிலை: நீர் எங்கே தேங்குகிறது, எந்த மூலையில் ஒழுகுகிறது, சுவரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா, எர்த் இருக்கிறதா, அடுப்புப் புகை போக வழி உண்டா, இரவில் யார் எங்கே படுக்கிறார்கள். கடைசிக் கேள்வியைச் சேர்க்கச் சொன்னவர் அவர்தான். கூரையில் உப்பிய இடத்துக்கு நேர் கீழே யாரும் படுக்காமல் அன்றிரவே இடம் மாற்றச் சொல்ல முடிகிறது. அதற்கு எந்தத் திட்டத்தின் ஒப்புதலும் தேவைப்படுவதில்லை. வலப்பக்கத்தில் காகிதங்கள்: பட்டா யார் பெயரில், மின் இணைப்பு யார் பெயரில், குடும்ப அட்டையில் யார் யார், வீடு எந்தத் திட்டத்தில் எந்த ஆண்டு கட்டப்பட்டது. அனுபவத்தில் நான் கண்டது, வலப்பக்கம் நிரம்புவதற்குத்தான் அதிகக் காலம் பிடிக்கிறது.

கூரையும் வயரிங்கும் முடிந்த பிறகே விசிறிக்கு வருகிறோம். இதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஏழை வீட்டில் மின்சிக்கனம் எதற்கு, அவர்கள் என்ன ஏசியா போடுகிறார்கள் என்று படித்தவர்களே கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பழைய கூரை விசிறி ஒன்று ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டும் எங்கள் பகுதியில், வெறும் கான்கிரீட் தளத்தின்கீழ், விசிறி நாளுக்கு 15 மணி நேரமாவது ஓடும். இரண்டு விசிறிக்கு நாளுக்கு 2.25 யூனிட், இரண்டு மாதத்துக்கு 135 யூனிட். விளக்கையும் தொலைக்காட்சியையும் சேர்க்காமலேயே இலவச அளவு தாண்டிவிடுகிறது. பி.எல்.டி.சி. என்று கடைகளில் சொல்லும் புதுவகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரண்டு விசிறிக்கு இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். பில் வரும் வீட்டுக்கும் பில் வராத வீட்டுக்கும் இடையிலான வேறுபாடு இந்த 81 யூனிட்டில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் கூரை விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், கடையில் எதைக் கேட்டு வாங்குவது என்று சொல்லித் தருவதும் எளிதாகியிருக்கிறது.

வீட்டிலேயே கைத்தறி நெய்யும் குடும்பங்களுக்கு 2023 முதல் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் இலவசம், விசைத்தறிக்கு 1,000 யூனிட். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் தறியை நம்பி வாழும் குடும்பங்களுக்கு அது பெரிய துணை. ஆனால் தறியை நிறுத்திவிட்டுக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போய்விட்ட குடும்பத்துக்கு அந்தச் சலுகை பொருந்தாது. விசிறியை மாற்றிக் கொடுக்கும்போது அப்படிப்பட்ட வீடுகளுக்கே முதலிடம் தருகிறோம்.

விசிறி காற்றைச் சுழற்றுமே தவிர, தளத்திலிருந்து இறங்கும் சூட்டைக் குறைக்காது. 2018-இல் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் குடியிருப்புகளுக்காக வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்னும் நெறிமுறை, கூரை எவ்வளவு வெப்பத்தைக் கடத்தலாம் என்பதற்கு வரம்பு வைத்திருக்கிறது. வெறும் கான்கிரீட் தளம் அதன் அருகில்கூட வராது. தட்டோடு பதிக்கப் பணம் இல்லாத வீட்டுக்கு எங்களால் முடிந்தது வெண்சுண்ணாம்பு. மாசியிலேயே தளத்தைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, விரிசல்களை அடைத்து, ஈரம் இருக்கும்போதே நீர்த்த சுண்ணாம்பில் சிறிது வெள்ளை சிமென்ட்டும் ஃபெவிகாலும் கலந்து, மூன்று கை அடித்துவிடுகிறோம். வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புவதால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்று பல ஊர்களில் கண்டிருக்கிறார்கள். அகமதாபாத்தில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற அமைப்பு குடிசைப்பகுதிப் பெண்களைக் கொண்டே இந்த வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. இதிலும் வரிசை உண்டு. ஒழுகும் தளத்தின்மேல் சுண்ணாம்பு அடித்தால் முதல் மழையிலேயே கழன்று சாக்கடைக்குப் போய்விடும்.

சுண்ணாம்பு அடித்த மறுவாரம் ஒரு வீட்டுக்குப் பகல் இரண்டு மணிக்குப் போனோம். அதற்கு முந்தைய கோடைகளில் அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், எல்லோரும் வேப்பமரத்தடியில் கிடப்பார்கள். அன்று மூன்று வயதுக் குழந்தை சிமென்ட் தரையில் பாய்கூட இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் அம்மா எங்களைப் பேச வேண்டாம் என்று சைகை காட்டினாள். நாங்கள் நோட்டை வெளியில் உட்கார்ந்துதான் எழுதினோம்.

இனி, எல்லைப்புறத்துக்கே உரிய சங்கடம் ஒன்று. திருத்தணியும் பள்ளிப்பட்டும் 1960 ஏப்ரல் முதல் நாளில்தான், எல்லைத் தகராறைத் தீர்க்க நியமிக்கப்பட்ட படாஸ்கரின் பரிந்துரைப்படி, ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. கோடு மாறியது, பெண் கொடுப்பதும் எடுப்பதும் மாறவில்லை. நகரியிலும் புத்தூரிலும் பிறந்த பெண்கள் இங்கே மருமகள்களாக வருகிறார்கள், இங்கிருந்தும் அங்கே போகிறார்கள். வீட்டுக்குள் தமிழும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். ஆனால் குடும்ப அட்டைக்கு அந்தக் கலப்பு தெரியாது. ஆந்திரத்தில் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிய சான்று வந்தால்தான் இங்கே சேர்ப்பார்கள். திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சான்று வாங்காத பெண்கள் எங்கள் நோட்டில் பலர் இருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில் கணவர் இறந்துவிட்டார். வீடு மாமனார் பெயரில் 1990-களில் ஒதுக்கப்பட்டது, அவரும் இல்லை. மின் இணைப்பு இன்னமும் அவர் பெயரில்தான். அந்தப் பெண்ணின் பெயர் இந்த மாநிலத்துக் குடும்ப அட்டையில் கிடையாது. பழுதுபார்க்கும் பட்டியலில் அந்த வீடு இருக்கிறது, பணம் வாங்கத் தகுதியான ஆள்தான் காகிதத்தில் இல்லை. ஓர் அலுவலகத்தில் வாரிசுச் சான்று கொண்டு வா என்றார்கள், வாரிசுச் சான்று கேட்ட இடத்தில் குடும்ப அட்டை கொண்டு வா என்றார்கள், அட்டைக்குப் போனால் ஆந்திரத்து நீக்கல் சான்று. 2021 நவம்பரில் ஆந்திரத்து அம்மபள்ளி அணையைத் திறந்து கொசஸ்தலையாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலங்கள் மூழ்கியபோது, இந்தக் குடும்பம் நாலு நாள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. அப்போது அதிகாரிகள் யாரும் அட்டை கேட்கவில்லை. திரும்பி வந்தபோது சுவரில் இடுப்பளவு ஈரம்.

இந்த இடத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அலுவலகங்களில் இருப்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். நானும் அங்கே இருந்தவன்தான். ஒவ்வொரு மேசையும் தன் காகிதத்தைச் சரியாகத்தான் கேட்கிறது. நான்கு மேசைகளின் காகிதங்களையும் எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்று சொல்லித் தர ஐந்தாவதாக ஒரு மேசை இல்லை. ஒன்றியத்துக்கு ஓர் ஆள் போதும். கூரைக்கு வரும் பணம், மின்வாரியத்தில் செய்ய வேண்டிய பெயர் மாற்றம், அறக்கட்டளைகளும் நிறுவனங்களும் கொடுக்கும் பல்பும் விசிறியும் ஆகிய எல்லாவற்றையும் வீட்டு வாரியாக எழுதி வைத்து, எது முன், எது பின் என்று முடிவு செய்யும் அதிகாரத்தோடு அவர் இருக்க வேண்டும். எல்லைப்புற ஒன்றியமென்றால் அவருக்குத் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கூரைக்கு ஒதுக்கும் தொகையில் மிகச் சிறு பங்குதான் அவருடைய சம்பளமாகும். கருகிப்போகும் ஒவ்வொரு புது வயரிங்கையும் கணக்கில் எடுத்தால் அதுவும் மிச்சம்தான்.

உதவி செய்ய விரும்பும் அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் ஒரே பொருளைக் கொடுத்துப் படம் எடுப்பதைவிட, ஒரு வீட்டுக்கு முழு வேலையையும் முடித்துத் தாருங்கள். விசிறி கொடுக்க வந்தவர் கூரை ஒழுகுவதைக் கண்டால், விசிறியைக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம். கூரை காய்ந்த பிறகு நாங்கள் மாட்டிவிடுவோம். அப்படிக் கொடுத்துவிட்டுப் போனவர்களின் ஆறு விசிறிகள் இப்போது எங்கள் வயர்மேன் வீட்டில், அட்டைப்பெட்டியின் மேல் வீட்டு எண் எழுதி, இருக்கின்றன.

அந்த மருமகளின் நீக்கல் சான்றுக்காகத் தெலுங்கில் மனு எழுதியாயிற்று. அவளுடைய அண்ணன் நகரியிலிருந்து பழைய அட்டையின் நகலை அனுப்பியிருக்கிறார். வரும் திங்கட்கிழமை அவளும் தங்கையும் நானும் காலை முதல் பேருந்தில் போகிறோம். சான்று கிடைத்தால் ஆனிக்குள் கூரை வேலையைத் தொடங்கி, தளம் காய்வதற்குப் போதிய நாள் விட்டு, ஆவணியில் வயரிங்கை முடித்துவிடலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். அதுவரை அவளும் பிள்ளைகளும் தெற்கு மூலையில், கூரையில் உப்பல் இல்லாத பக்கத்தில் படுக்கிறார்கள்.